பூச்சில்லாத சுவரும் பொறுப்புள்ள அத்தானும்

பூசாத சுவரைக் கண்டால் யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு இருப்புக் கொள்ளாது. வீட்டுக்காரன் கையில் காசு முடிந்துவிட்டது என்பதை ஊருக்கு அறிவிப்பதே அந்தச் சுவர்தான். (இரத்தத்தில் ஊறியது. நான் என்ன செய்ய?)

கொழும்பு கொட்டாஞ்சேனையில் நாங்கள் இருக்கும் தொடர்மாடி ஒரு காலத்தில் தேங்காயெண்ணெய் ஆலை. அதன் லொபியை, அதாவது வாசல் கூடத்தைப் புதுப்பிக்கும் வேலையை, குடியிருப்போர் சங்கச் செயலாளர் என்ற மிடுக்கில், மனைவியின் தம்பி கௌதமனுக்கு வாங்கிக் கொடுத்தேன். கட்டடக் கலைஞனாக அவன் சொந்தப் பெயரில் செய்த முதல் வேலை அது. திட்டத்தைப் படங்களோடு வட்ஸ்அப்பில் அனுப்பினான். நான் திறந்து பாராமலே பெருவிரலைத் தூக்கிக் காட்டினேன்.

திறப்புவிழாவுக்கு முதல்நாள் போயா, பௌர்ணமி விடுமுறை. பெற்றோரைக் கூட்டிவர அவன் யாழ்ப்பாணம் போயிருந்தான். கீழே இறங்கிப் பார்த்தால், வாசலுக்கு நேரேயுள்ள சுவர் பூச்செல்லாம் கொத்தப்பட்டு, செங்கல் தெரியப் பல்லிளித்துக்கொண்டு நின்றது. மேசன் பாதியில் ஓடிவிட்டான் என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. (எனக்கு எல்லாம் உடனேதான் விளங்கும்.) தாய் தகப்பன் முன்னால் பெடியன் தலைகுனியப் போகிறானே என்று நெஞ்சு பதறியது.

ஜிந்துப்பிட்டியிலிருந்து வேறொரு மேசனைக் கூட்டிவந்தேன்.

"எவன் சார் இப்படி அரைகுறையா விட்டுட்டு ஓடுனான்?" என்றார்.

"அவனை விடுங்கோ பாஸ், நீங்கள் பூசுங்கோ."

பொழுதுபடுவதற்குள் சுவர் வழுவழுவென்று ஆகிவிட்டது.

மறுநாள் காலை மாமி வாசலிலேயே நின்று கண்கலங்கினார். "என்ரை பிள்ளை என்ன வடிவாப் பூசி வைச்சிருக்கிறான்."

பிள்ளை பேயறைந்ததுபோல் நின்றான்.

"அத்தான், செங்கல் எங்கை?"

"உள்ளுக்குத்தான் இருக்கு, பயப்பிடாதை" என்றேன் பெருமையாக.

"ஆலைக்காலத்துச் செங்கல் அத்தான். அது தெரியவேணுமெண்டுதானே ஒவ்வொரு கல்லாச் சுரண்டி எடுத்தனாங்கள். அதுதான் டிசைனே."

மனைவி ஒரு கம்பிப் பிரஷைக் கொண்டுவந்து என் கையில் தந்தாள்.

மாலையில் விருந்தினர் வந்தபோது, என் கை எட்டிய உயரம்வரை செங்கல், அதற்கு மேல் பூச்சு, நடுவில் சீமெந்து அப்பிய செயலாளர். கௌதமனின் முதல் வேலை அந்தக் கோலத்தில்தான் திறக்கப்பட்டது. அவன் முகத்தைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது. பிறகு ஆட்களைப் பிடித்து மிச்சத்தையும் அவனே சுரண்டி எடுத்தான்.

போனமாதம் என் மகள் முழங்காலில் கிழிந்த புது ஜீன்ஸ் ஒன்று வாங்கி வந்தாள். அன்று வீட்டில் சாப்பிட வந்திருந்த கௌதமன் தலைநிமிராமலே சொன்னான்: "பிள்ளை, அதைக் கழட்டி அப்பா கண்படுற இடத்திலை வையாதை. தைச்சுப்போடுவார்."

எல்லோரும் சிரித்து முடிப்பதற்குள், கையிலிருந்த ஊசியை மெல்ல மேசை லாச்சிக்குள் போட்டு மூடினேன்.