ஆயா குழி

எனக்கு எழுபத்து மூன்று வயது. பெற்றது ஐந்து, வளர்த்தது ஆறு. ஆறாவது, என் கடைசி மகள் பெற்ற பெண் ஜெனி. முதல் ஐந்தை வளர்த்தபோது என் வளர்ப்பைப் பற்றி ஒருவரும் ஒரு குறை சொன்னதில்லை. (சொல்ல விட்டதில்லை.) ஆறாவதை வளர்த்தபோதுதான், வேளச்சேரியில் ஒரு பெரிய மாலில், எங்கள் குப்பத்து ஜனம் மொத்தமும் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு செக்யூரிட்டி என்னை நோக்கி விரலை நீட்டி, "இந்தம்மாதான் சார்!" என்று கத்தும்படி ஆனது.

எனக்குக் கையெழுத்துப் போட வரும், பஸ் நம்பர் படிக்க வரும். மற்றபடி நான் சொல்வதை ஜெனிதான் எழுதுகிறாள். அவளுக்குச் சாதகமாக எதையாவது சேர்த்துவிடுவாளோ என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

சாந்தோம் கடற்கரையில் மீன் விற்றவள் நான். அதாவது ஐஸோடு குடும்பம் நடத்தியவள். எந்த ஐஸ் மத்தியானத்துக்குள் தண்ணீராகும், எது சாயங்காலம் வரை தாங்கும் என்பதைத் தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவேன். அதனால், கடற்கரைச் சாலையில் சக்கரக் காலணி கட்டிக்கொண்டு ஓடித் திரிந்த ஜெனி ஒருநாள் வந்து, "ஆயா, நான் ஐஸ் ஹாக்கி ஆடப் போறேன், சம்பளம் குடுப்பாங்களாம்" என்றபோது வீட்டில் எல்லோரும் விழித்தார்கள். நான் மட்டும் விழிக்கவில்லை. ஐஸ்தானே? நம் வீட்டுச் சமாசாரம்.

விளையாட்டு சுலபம்தான். மாலுக்குள் கல்யாண மண்டபம் அளவுக்கு ஐஸைப் பரப்பி வைத்திருக்கிறார்கள். காலணிக்கு அடியில் கத்தி. கையில் வளைந்த கோல். ஒரு ரப்பர் வட்டு. அதை எதிராளியின் வலைக்குள் தள்ள வேண்டும். ஜெனிக்குக் கொடுத்த வேலை தடுப்பது. நம் வலைக்கு முன்னால் நின்று, வருகிறவர்களை மடக்கி ஓரத்துக்கு விரட்ட வேண்டும்.

இதைச் சொல்லிக் கொடுத்தவர் ஸ்ரீராம் சார். மயிலாப்பூர்க்காரர். கனடாவில் பல வருஷம் இருந்து இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொண்டு வந்தவர். (நான் கூடை சுமந்த காலத்தில், போனாலும் புண்ணியமில்லை என்று நான் ஒதுக்கி வைத்திருந்த தெரு அவருடையது. ஒரு நெத்திலி வாங்க மாட்டார்கள்.) அவர் முதல் நாளே என்னிடம் சொன்னார்.

"பாட்டி, ஒங்க பேத்திக்குக் கால் நன்னா இருக்கு, கண் நன்னா இருக்கு. பொறுமைதான் இல்லை. வட்டைப் பாத்தா பாய்ஞ்சுடறா. இவ எடத்தை விட்டுப் போனதும் அந்த வழியா எதிராளி வந்து கோல் போட்டுட்டுப் போயிண்டே இருக்கா. தடுக்கறவ நிக்கணும். வட்டைப் பாக்கப்படாது, வர்றவா நெஞ்சைப் பாக்கணும்."

நான் நன்றாகத் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்ததும் ஜெனியைக் கூப்பிட்டு, "அந்த சாருக்கு இன்னா தெரியும்?" என்றேன்.

ஏனென்றால் எனக்குத் தெரியும். படகு கரைக்கு வந்து ஏலம் ஆரம்பிக்கும்போது, வருகிறவர்களின் நெஞ்சைப் பார்த்துக்கொண்டு நின்றால் காலிக் கூடையோடுதான் வீட்டுக்கு வரவேண்டும். வஞ்சிரம் கண்ணில் பட்டதும் பாய வேண்டும். முழங்கை இருப்பது எதற்கு? இந்த வித்தையை ஜெனிக்குத் தினமும் சோற்றோடு ஊட்டினேன். "நிக்காதேடீ. நின்னா செத்த மீனு. போ, போய்ப் புடுங்கு!"

ஆக, பகலில் ஸ்ரீராம் சார் அவளை நிற்க வைத்தார். ராத்திரி நான் பாய வைத்தேன். அவர் ஆறு மாதம் பாடுபட்டும் பெண் ஏன் திருந்தவில்லை என்று அவர் மண்டையைப் பிய்த்துக்கொண்டார். நான் சொல்லவில்லை. கேட்கவில்லை, சொல்லவில்லை.

கடைசியில் பெண்கள் லீக் ஆரம்பிக்கிற நேரம் வந்தது. அணியில் தடுப்பாட்டத்துக்கு ஒரே ஓர் இடம்தான் பாக்கி. அதற்கு இரண்டு பேர்: ஜெனி, அப்புறம் பெருங்குடியிலிருந்து காரில் வரும் ப்ரீத்தி. ப்ரீத்தி நிற்கச் சொன்னால் நிற்கிற பெண். ஒரு சோதனை ஆட்டம் வைத்து, அதைப் பார்த்து அன்றைக்கே முடிவு. பார்ப்பதற்கு மும்பையிலிருந்து மேனேஜர் வருகிறார். சாயங்கால விமானத்தில் திரும்பிவிடுவார். ஆட்டம் ஏதாவது காரணத்தால் நின்றுபோனால் இதுவரை பயிற்சியில் ஆடினதைப் பார்த்து முடிவு செய்வார்களாம். இதுவரை ஆடினதைப் பார்த்தால் ப்ரீத்திதான்.

ஜெனி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "ஆயா, இது கெடைக்கலன்னா நான் அந்தத் துணிக்கடை வேலைக்குப் போயிடுவேன்" என்றாள். இந்தக் குழந்தை கவுண்டருக்குப் பின்னால் நின்று சுடிதார் மடித்து வைப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

சோதனை ஆட்டத்தன்று மால் வாசலில் போய் இறங்கினால், இரண்டு ஆள் உயரத்துக்கு ஜெனியின் படம்! அதில் ப்ரீத்தியும் இருந்தாள், நான் கவனிக்கவில்லை. போகிறவன் வருகிறவன் எல்லாம் நின்று பார்க்கிறான். எங்கள் குப்பத்திலிருந்து வேன் பிடித்து வந்தவர்கள் வாயில் கை வைத்துக்கொண்டு, "இன்னா அழகா கீது பாரேன் நம்ம ஜெனி!" என்கிறார்கள். இத்தனை கண்ணா! பெண் எப்படி நேராக நிற்பாள்?

நல்ல வேளை, நான் தயாராகத்தான் போயிருந்தேன். மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றியாயிற்று. அது மேலே உள்ளவர்களுக்கு. கீழே உள்ளவர்களின் கண்ணுக்கு, முந்தானையில் முடிந்து கொண்டுவந்த கல்லுப்பும் காய்ந்த மிளகாயும்.

வீரர்கள் பயிற்சி முடித்து உட்கார்ந்திருந்த இடத்துக்குப் போனேன். தலைக்கவசம், தோள்பட்டை, முழங்கால் கவசம் எல்லாம் மாட்டிக்கொண்டு ஜெனி பீரோ மாதிரி இருந்தாள்.

"ஆயா! இங்கல்லாம் இத்த பண்ணக் கூடாது!"

"ஷ்ஷ்."

"சரி, சீக்கிரம் பண்ணு. பண்ணிட்டு வெளிய எடுத்துக்கினு போய்ப் போட்டுடு, இன்னா?"

இரண்டு கையும் நிறைய அள்ளி, பீரோவைச் சுற்றி மூன்று தரம் சுற்றினேன். இதில் ஒரு சட்டம் இருக்கிறது. சுற்றின உப்பைக் கொண்டுபோய் நெருப்பிலோ தண்ணீரிலோ போடுகிற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் திருஷ்டி திரும்ப வந்து ஒட்டிக்கொள்ளும். எங்கள் வீட்டில் இது தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. யாரும் வாய் திறந்ததில்லை.

வாயை இறுக்கி மூடிக்கொண்டு வெளியே நடந்தேன். கதவில் செக்யூரிட்டி.

"இன்னாம்மா கையில?"

நான் தலையை ஆட்டினேன்.

"தொறந்து காட்டு."

மறுபடியும் தலையை ஆட்டினேன்.

"ஊமையாம்மா நீ? கூட யாரு வந்துக்கீறாங்க?"

கண்ணை உருட்டி, மேலே ஆகாயத்தைக் காட்டி, ஜெனி இருந்த பக்கம் காட்டி, முகத்தாலேயே முழு விஷயத்தையும் விளக்கினேன். அவனுக்குப் புரியவில்லை. (இப்போதெல்லாம் ஆளை எப்படித்தான் வேலைக்கு எடுக்கிறார்களோ.) அதற்குள் உள்ளே விசில். ஆட்டம் ஆரம்பிக்கப் போகிறது. நெருப்பும் இல்லை, தண்ணீரும் இல்லை. கையில் உப்பு வேர்க்கிறது.

திரும்பி ஓடினேன். மைதானத்தைச் சுற்றி இடுப்பு உயரத்துக்கு ஒரு தடுப்பு. அதற்கு அந்தப் பக்கம், ஜெனி காக்க வேண்டிய வலைக்கு நேர் முன்னால், பளபளவென்று ஐஸ். ஒரு நொடி யோசித்தேன். ஐஸ் என்பது என்ன? தண்ணீர். இத்தனை தண்ணீரை ஒரே இடத்தில் வைத்துக்கொண்டு நான் எதற்கு வெளியே போக வேண்டும்?

எட்டி வீசிவிட்டேன். திரும்பிப் பார்க்கக் கூடாது என்பதால் திரும்பிப் பார்க்காமல் போய் உட்கார்ந்தேன்.

ஐஸில் உப்பு விழுந்தால் என்ன ஆகும் என்று இவளுக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். ஐஸை உப்பு அரித்துத் தின்னும் என்று சாந்தோமில் தெரியும். வேளச்சேரியில் அது எனக்கு ஞாபகம் வரவில்லை.

ஆட்டம் ஆரம்பித்தது. ஜெனி வழுக்கிக்கொண்டு வந்து தன் இடத்தில் நின்றாள். குனிந்து பார்த்தாள். நிமிர்ந்து, அத்தனை கூட்டத்திலும் நேராக என்னைப் பார்த்தாள். நான் சிரித்துக் கையை ஆட்டினேன். அவள் சிரிக்கவில்லை. கோலால் மிளகாயை ஓரமாகத் தள்ளினாள். அப்புறம் அங்கேயே நின்றாள்.

நின்றாள் என்றால் அப்படி நின்றாள். வட்டு இடது பக்கம் போகிறது, நகரவில்லை. வலது பக்கம் போகிறது, நகரவில்லை. எதிராளி வட்டைத் தட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தால், உடம்பால் மறித்து ஓரத்துக்கு ஒதுக்கிவிட்டு மறுபடி அதே இடத்துக்கு வந்துவிடுகிறாள். எனக்கு ரத்தம் கொதித்தது. இதற்கா இத்தனை நாள் சோற்றோடு ஊட்டினேன்?

எழுந்து நின்று கத்தினேன். "ஏய் ஜெனி! இன்னாடீ, லைட் கம்பம் மாரி நின்னுக்கினு கீறே? போ, போய்ப் புடுங்கு!"

எங்கள் குப்பமே என்னோடு சேர்ந்து கத்தியது. "புடுங்கு! புடுங்கு!" ஜெனி காதில் வாங்கவில்லை. அந்தப் பக்கம் ஸ்ரீராம் சாரைப் பார்த்தால், மனிதர் கண்ணில் தண்ணீர். மேனேஜர் தோளைத் தட்டித் தட்டி ஜெனியைக் காட்டுகிறார். போச்சு, பெண்ணைப் பற்றிப் புகார் சொல்கிறார் என்று நான் மார்பில் சிலுவை போட்டுக்கொண்டேன்.

ஆட்டம் முடிந்தபோது ஜெனி பக்கம் ஒரு கோல்கூட விழவில்லை. விசில் ஊதினதுதான் தாமதம், ஸ்ரீராம் சார் சாதாரண செருப்போடு ஐஸ் மேல் ஓடினார்.

"ஜெனி! கொழந்தே! இன்னிக்குத்தான் நீ டிஃபென்ஸ் ஆடினே! ஒரு அடி நகரலையே!"

"சார், வராதீங்க! சார், அங்கயே நில்லுங்க!"

அவர் நிற்கவில்லை. (அவ்வளவு நாள் நில், நில் என்று சொன்ன மனிதர்.) ஜெனி கால் மறைத்திருந்த இடத்தில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு குழி. அதில் அவர் கால் போனது. மற்றபடி அவர் முழுசாக ஆகாயத்தில் போய், கையை ஊன்றிக் கீழே வந்தார்.

ஸ்ரீராம் சார் எழுந்து உட்கார்ந்து, அடிபடாத கையால் பக்கத்தில் கிடந்த எதையோ எடுத்தார். மோந்து பார்த்தார்.

"இது... மொளகா வத்தல்னா?"

அப்போதுதான் அந்தச் செக்யூரிட்டி, பிறவிப் பயன் அடைந்தவன் மாதிரி, "இந்தம்மாதான் சார்! கையில வெச்சுக்கினு வாயே தொறக்கல சார்!" என்று கத்தினான்.

எல்லாத் தலையும் திரும்பியது. உப்பைப் போட்டாகிவிட்டதால் நான் இப்போது பேசலாம். "சார்," என்றேன், "ஒங்களுக்கும் சேத்துத்தான் சுத்திப் போட்டேன்."

முதலுதவி அறையில் அவர் மணிக்கட்டு பூரி மாதிரி உப்பிக்கொண்டிருந்தது. நர்ஸ் பெண் ஐஸ் பையைச் சரியாகக் கட்டத் தெரியாமல் தடவினாள். நான் வாங்கிக் கட்டிவிட்டேன்.

"பாட்டி, ஐஸ் நன்னாக் கட்டறேள்," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. "அதோட நிறுத்திக்கோங்கோ." பிறகு ஜெனியைப் பார்த்தார். "குழி இருக்குன்னு ஒனக்கு மொதல்லயே தெரியுமா?"

ஜெனி தலையைக் குனிந்துகொண்டாள். "தெரியும் சார். சொன்னா ஆட்டத்த நிறுத்திடுவாங்க. அப்பறம் ஆயாவ எல்லாரும் கேவலமாப் பேசுவாங்க. யாரும் அதுல கால வெச்சிடக் கூடாதுன்னுதான் அத்த மறைச்சிக்கினு நின்னேன். நான் ஒண்ணும் ஒழுங்கா ஆடல சார்."

நான் அவளை லைட் கம்பம் என்று திட்டியபோது, அவள் என் மானத்தின் மேல் நின்றுகொண்டிருந்தாள். துணிக்கடை சுடிதார்கள் வரிசையாக என் கண் முன்னால் வந்தன.

ஸ்ரீராம் சார் அடிபட்ட கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். கட்டியிருந்த ஐஸ் சொட்டிக்கொண்டிருந்தது.

"எதுக்காக நின்னேங்கறது எனக்கு வேண்டாம். நின்னியா இல்லையா?"

"நின்னேன் சார்."

"ஆறு மாசமா என்னால முடியாததை ஒங்க பாட்டி ரெண்டு கை உப்பில சாதிச்சுட்டா. அடுத்த ஆட்டத்துல குழி இருக்காது. இருக்குன்னு நெனச்சுண்டு நில்லு. எடம் ஒனக்குத்தான், மேனேஜர் கெளம்பறச்சயே சொல்லிட்டார்."

ஜெனி இப்போது சம்பளத்துக்கு ஆடுகிறாள். ப்ரீத்தியும் அடுத்த வருஷம் அணியில் சேர்ந்துவிட்டாள்; என் கையால் மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டுத்தான் போகிறாள். அந்த ஐஸ் மைதானத்தின் கதவில் ஒரு போர்டு தொங்குகிறது: "உப்பு, மிளகாய், எலுமிச்சை, பூசணிக்காய் உள்ளே கொண்டுவரக் கூடாது." அத்தனை ஜனம் வந்துபோகிற மாலில், ஒரே ஒருத்திக்காக எழுதி மாட்டின போர்டு. யாருக்குக் கிடைக்கும்? வீட்டில் நான் உப்பு ஜாடியைத் தொட்டால் போதும், என் மருமகன் உட்பட எல்லோரும் நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறார்கள்.

வலைக்கு முன்னால் இருக்கிற அந்த இடத்துக்கு இப்போது பெயரே "ஆயா குழி"தான். லடாக்கிலிருந்து வந்திருக்கிற புதுப் பெண்களுக்குத் தமிழில் தெரிந்த முதல் வார்த்தை அது. யாராவது வட்டைப் பார்த்துப் பாய்ந்தால் ஸ்ரீராம் சார் அங்கிருந்து கத்துகிறார்: "ஆயா குழியை விட்டு நகராதே!" நான் வெளியே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். (உள்ளே விடுவதில்லை.)

அவ்வளவுதான். ஜெனி, எழுதினது போதும். முதலிலிருந்து ஒரு தரம் படித்துக் காட்டு, கேட்கிறேன். அந்தக் குழி வருகிற இடத்தில் மட்டும் ஓடாதே. நின்று படி.