ஆயிரம் கிலோமீட்டர் வரை டபுள்ஸ் கிடையாது

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உருக்காலை ஃபோர்மேன் குப்புராஜ், தன் பழைய பைக்குக்கு ரேஸ் பிஸ்டன் போட்டான். இனி உலகத்தில் ஒரே ஒரு பிரச்சினைதான் பாக்கி என்று நினைத்தான். புது என்ஜினுக்கு எந்த ஆயில் ஊற்றுவது?

பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடுகிறவன்கூட இவ்வளவு விசாரித்திருக்க மாட்டான். லேத் ஓட்டுகிறவர் விளக்கெண்ணெய் என்றார். லாரி டிரைவர், லாரி ஆயிலே போதும் என்றார். குப்புராஜ் இருவரையும் மதிக்கவில்லை. பஜார் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, அமெரிக்காவில் யார் யாரோ ஆயிலுக்காகப் போட்ட சண்டையைப் படித்து, பாதி புரிந்து, மீதியைப் பிரிண்ட் எடுத்து வந்தான். கடைசியில் கடையிலேயே விலை அதிகமான சிந்தடிக் ஆயிலை வாங்கிச் சாமி படத்துக்குக் கீழே வைத்தான்.

இதெல்லாம் ஒரு சவாலுக்காக. ஆலையில் கிரேன் ஓட்டும் சரவணகுமாரைப் பழவேற்காடு ரோட்டில் முந்திக் காட்டுகிறேன் என்று கேண்டீனில் எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தான். சரவணகுமாருக்குப் புது பைக், ஒல்லி உடம்பு, பெரிய வாய்.

மனைவி குணசுந்தரி டப்பாவைத் திறந்து பார்த்தாள்.

“இன்னா மாமா இது, தேன் கணக்கா கீது?”

“ஆயிலுடி. பனி பெய்ற ஊர்ல கூட ஒறையாது.”

“கும்மிடிப்பூண்டில எப்ப பனி பெய்ஞ்சிது?”

“ஒனக்கு இன்னா தெரியும்? இது பர்ஃபாமென்ஸ் என்ஜினு.”

“புது தோசக்கல்ல பழக்கறதுக்கு யாருனா நெய் ஊத்துவாங்களா மாமா? சாதா எண்ணெய தடவி, வெங்காயத்த தேச்சி, மொத நாலு தோச பிஞ்சி போனாதான் கல்லு வழிக்கு வரும்.”

“என்ஜினும் தோசக்கல்லும் ஒண்ணாடி?”

ஒன்றுதான் என்றான் மெக்கானிக் ஆஷிக், தோசைக்கல்லைப் பற்றி எதுவும் தெரியாமலே. “அண்ணே, அந்த டப்பாவ ஓரமா வை. பிஸ்டன்ல கீற புது ரிங்கு சிலிண்டர்ல ஒரசி ஒரசிதான் உக்காரணும். இத்த ஊத்தினா வழுக்கிகினே ஓடும், உக்காராது. அப்பறம் ஆயில குடிச்சி பொகய விடும். இப்போத்திக்கு சாதா ஆயிலு போதும்.”

குப்புராஜ் வீட்டுக்கு வந்து, அதைத் தானே கண்டுபிடித்ததாகச் சொன்னான். குணசுந்தரி மறுபேச்சில்லாமல் தலையாட்டினாள். அதற்கே அவன் பயந்திருக்க வேண்டும்.

அவளுக்கு வேண்டியது வேறு. அதே சிப்காட்டில் தையல் கம்பெனி சூப்பர்வைசர் அவள். தினமும் ஷேர் ஆட்டோவில் யார் மடியிலோ பாதி உட்கார்ந்து போகிறாள். போகிற வழியில் இறக்கிவிடு என்று வருஷக்கணக்காகக் கேட்கிறாள். டிபன் கூடையும் பெண்டாட்டியுமாக ரேஸ் பைக்கில் போனால் சரவணகுமார் சிரிப்பானே என்பது குப்புராஜின் கவலை. இப்போது நல்ல சாக்கு கிடைத்துவிட்டது.

“ஆயிரம் கிலோமீட்டரு வரைக்கும் டபுள்ஸு கெடையாது. ரன்னிங்-இன், புது என்ஜின பழக்கணும். நம்பலன்னா ஆஷிக்க கேளு.”

ஆஷிக்குக்கு முன்பே டீயும் மசால்வடையும் வாங்கிக் கொடுத்துப் பாடம் சொல்லி வைத்திருந்தான்.

“ஆமாக்கா,” என்றான் ஆஷிக். “வெயிட்டு ஏத்தக் கூடாது.”

“எவ்ளோ வெயிட்டு தாங்கும் தம்பி?”

பாடத்தில் இந்தக் கேள்வி இல்லை. பையன் தொழில் சுத்தமானவன், உண்மையைச் சொல்லிவிட்டான்.

“கம்மியா இருந்தா நல்லதுக்கா. அம்பது கிலோன்னா சூப்பரு.”

“வெரட்டலாமா?”

“அய்யோ, கூடாது. மெதுவா போகணும், நிக்கணும், திரும்ப கெளம்பணும்.”

“நான் நாப்பத்தேழு கிலோ தம்பி. உங்கண்ணன் தொண்ணூத்தி நாலு. அவரு ஒருத்தர் ஏறினாலே டபுள்ஸுதானே?”

ஆஷிக் எதையோ தேடுவதுபோல் கீழே குனிந்தான்.

“நீ கியர் வண்டி ஓட்டுவியாடி?” என்றான் குப்புராஜ்.

“பள்ளிப்பட்டுல எங்கப்பாவோட கரும்பு டிராக்டரையே ஓட்டினவ மாமா.”

“லைசென்சு?”

“நீ நைட் ஷிஃப்டு முடிச்சி பகல்ல தூங்கினப்ப, பக்கத்து ஊட்டு ஆரோக்கியமேரியும் நானும் போயி எடுத்துகினு வந்துட்டோம். நீ கேக்கவே இல்லியே?”

மறுநாளிலிருந்து குணசுந்தரி சுடிதார் போட்டுக்கொண்டு பைக்கில் போனாள். குப்புராஜ் ஷேர் ஆட்டோவில் போனான். ஆட்டோ அவளைத் தாண்டும்போதெல்லாம், “அந்தம்மா எவ்ளோ பதமா ஓட்டுது பாரு” என்று பக்கத்திலிருப்பவர் சொல்வார். குப்புராஜ் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வான்.

கிலோமீட்டர் எண்ணோ நகர மாட்டேன் என்றது. வீட்டிலிருந்து கம்பெனி, கம்பெனியிலிருந்து வீடு. இப்படியே போனால் ஆயிரம் வருவதற்குள் ரிட்டயர்மென்ட் வந்துவிடும். தெருமுனை வரை கொண்டுபோய் விட மறுத்தவன், இப்போது கெஞ்சினான்.

“மீஞ்சூர்ல உங்கக்கா ஊட்டுக்கு போய்ட்டு வாயேன்.”

“நேத்துதானே மாமா போனேன்.”

“அப்ப பள்ளிப்பட்டு? உங்கம்மாவ பாத்து எவ்ளோ நாளாச்சி!”

கல்யாணமான நாளிலிருந்து அந்த வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை. குணசுந்தரி போனாள், நிதானமாக இருந்துவிட்டு வந்தாள். அதுவரை குப்புராஜ் தானே தோசை சுட்டான். எல்லாம் பிய்ந்தது.

ஒருவழியாக ஆயிரம் முடிந்தது. ஆஷிக் பழைய ஆயிலை இறக்கிவிட்டு, சாமி படத்துக்குக் கீழே காத்திருந்த ஆயிலை ஊற்றினான். சவாலுக்குக் குறித்த ஞாயிற்றுக்கிழமை குப்புராஜ் புதுச் சட்டையும் ஹெல்மெட்டுமாக வாசலுக்கு வந்தான். குணசுந்தரி ஏற்கெனவே பைக்கில் உட்கார்ந்திருந்தாள்.

“சாவி குடு.”

“இனிமே டபுள்ஸு போலாம்னு தம்பி சொல்லிட்டாரு மாமா. பின்னாடி ஏறு.”

“என் வண்டிடி இது!”

“யாரு இல்லன்னா? நீ ஆத்தரத்துல முறுக்கி எதுனா ஒடஞ்சா, மறுபடியும் பிஸ்டனு, மறுபடியும் ஆயிரம் கிலோமீட்டரு, மறுபடியும் ஷேர் ஆட்டோ. யோசிச்சிக்கோ.”

குப்புராஜ் யோசித்தான். ஆரோக்கியமேரி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, ஏறினான்.

பழவேற்காடு ரோட்டில் கேண்டீன் கூட்டமே நின்றது. சரவணகுமார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “இன்னாண்ணே, டிரைவரு வெச்சிகினியா?”

“போலாமா தம்பி?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் குணசுந்தரி முறுக்கினாள்.

குப்புராஜின் கண்ணில் தண்ணீர் வந்தது. காற்றினால் மட்டுமல்ல, பெருமையினாலும்தான். என்ஜின் துளி புகை விடாமல் பாடியது. சரவணகுமாரின் ஹேண்டில்பார் பக்கத்தில் வந்தது, பின்னால் போனது. குப்புராஜ் தன்னை மறந்து நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு கையையும் விரித்துக் கத்தினான்.

“பாத்தியாடா! யாரு என்ஜினு!”

குணசுந்தரி திரும்பாமலே சொன்னாள்.

“குனிஞ்சி உக்காரு மாமா, காத்து தடுக்குது.”