ஓரின் பொருத்திய அடுப்பு

"இந்த வருஷம் அடுப்பை என் கையாலேயே பொருத்துவேன். பொருத்தலேன்னா மான் வேட்டைக்கே போகமாட்டேன்!"

காபி, ஆணி, வேட்டை லைசென்ஸ் என்று எல்லாம் விற்கும், அமெரிக்காவின் வெர்மான்ட் மலைப்பக்கத்து ஊர்க்கடை வாசலில் ஓரின் இப்படிச் சபதம் போட்டதும், பக்கத்து வீட்டு ட்வைட் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டான். நவம்பரில் வேட்டைக்குப் போகாத ஆண்பிள்ளையை அந்த ஊரில் உயிரோடு இருப்பவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. ஓரினின் மனைவி கார்லீன் காபி வாங்குவதாகச் சொல்லிக் கடைக்குள் போய்விட்டாள்.

வேலை என்னவோ சின்னதுதான். கூடத்தில் குளிர்காயும் பழைய கல் கணப்புக்குள் இரும்பு விறகடுப்பைத் தள்ள வேண்டும். கூரை வழியாகப் புகைபோக்கிக்குள் எஃகுக் குழாயை இறக்க வேண்டும். அடுப்பின் தலையிலுள்ள வளையத்தில் குழாயின் வாயை உட்காரவைத்துத் திருகினால் முடிந்தது.

குழாய் இறங்கியது. அடுப்பும் போனது. ஆனால் குழாயும் வளையமும் சண்டை போட்ட சம்பந்திகள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் திரும்பி நின்றன. கல்லுக்கும் இரும்புக்கும் நடுவே இருந்த இடுக்கில் ஓரின் கையை விட்டான். கை போனது. திரும்பி வர மறுத்தது.

"அடுப்புக்கு உள்ளேருந்து கைய விட்டுப் பாக்கலாமே?" என்றாள் கார்லீன்.

"அடுப்புக்குள்ள தலைய விடச் சொல்றியா? இதெல்லாம் ஆம்பளை வேலைடி!"

"சரி ராசா. ஆம்பளை மொதல்ல வெளிய வரட்டும். சோப்புத் தண்ணி கொண்டாரேன்."

சனிக்கிழமை வேட்டை ஆரம்பம். வியாழன் வரைக்கும் குழாய் மசியவில்லை. கடைசியில் ஓரின், அடுப்பைச் சுற்றி அழகுக்கு மாட்டும் கறுப்புத் தகட்டை எடுத்து இடுக்கை மூடினான். பளபளவென்று இருந்தது. வேட்டை முடிந்து வந்து சத்தமில்லாமல் சரிசெய்துகொள்ளலாம். யாருக்குத் தெரியப்போகிறது?

"முடிஞ்சுது!" என்று கூவினான்.

"அடேயப்பா! பத்த வைக்கலாமா?"

"வேண்டாம். விறகு ஈரம்."

"நீயே அடுக்கிக் காயவச்ச மேப்பிள் விறகு. இடிச்சா மணி மாதிரி சத்தம் வருது."

"வடகாத்து அடிக்குது."

"நவம்பர்ல வேற எந்தக் காத்து அடிக்கும்?"

"புது இரும்புடி. வீட்டோட கொஞ்சம் பழகட்டும்!"

அன்று இரவுச் சாப்பாட்டை இருவரும் கோட்டும் கையுறையுமாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலை ஓரின் டவுனுக்குப் போய்த் தோட்டா வாங்கி வந்தான். மத்தியானம் அவனை வேட்டைக்குக் கூட்டிப்போக ட்வைட் வந்து நின்றான். பூட்ஸை எடுக்க ஓரின் கூடத்துக்குள் நுழைந்தான். கார்லீன் அடுப்பின் முன்னே மண்டியிட்டிருந்தாள். கையில் தீக்குச்சி.

"கொளுத்தாதே! வீடு பூரா புகைஞ்சிடும்! குழாய் இன்னும் மாட்டவே இல்லடி!"

ட்வைட் மெல்லத் தொப்பியைக் கழற்றினான்.

தீக்குச்சி உள்ளே போனது. தீமூட்ட வைத்திருந்த பூர்ச்ச மரப்பட்டை பற்றியது. துளிப் புகைகூட வெளியே வரவில்லை. எல்லாம் ஒழுங்காக மேலே போய்க்கொண்டிருந்தது.

"நீ தோட்டா வாங்கப் போனப்பவே மாட்டிட்டேன்" என்றாள் கார்லீன். "அடுப்புக்கு உள்ள இருக்கிற தகட்டக் கழட்டி, வளையத்து வழியா கைய விட்டுக் குழாய இழுத்தேன். நல்ல பிள்ளையா வந்து உக்காந்துது."

ஓரின் பூட்ஸைக் கையில் எடுத்தான். "எப்படியோ மாட்டியாச்சுல்ல? அப்ப நான் கிளம்பறேன்."

"யார் கையால மாட்டினது?" என்று கேட்டான் ட்வைட். நண்பனாம்!

கார்லீன் ஓரினின் ஆரஞ்சு வேட்டைத் தொப்பியைத் தன் தலையில் மாட்டினாள். துப்பாக்கியைத் தோளில் போட்டாள். "மொத தீ மெதுவா எரியணும். பெயின்ட் வாடை போற வரைக்கும் பக்கத்துலயே உக்காந்திரு. ஜன்னலத் திறந்து வை. ஞாயித்துக்கிழமை வந்துடுவேன்."

ஓரின் வாசல்வரை ஓடினான். "ஏய், நில்லு! உனக்கு வேட்டை லைசென்ஸே கிடையாதே!"

ட்வைட்டின் வண்டியில் ஏறிவிட்ட கார்லீன் கண்ணாடியை இறக்கினாள்.

"நீ கடை வாசல்ல சபதம் போட்டப்ப நான் உள்ள போனேனே, காபிக்குன்னா நெனச்சே?"