பண்பாட்டுக் கோட்பாடும் அம்மாவின் ஜெபக் குறிப்பும்

எனக்குப் புரியாத விஷயத்தைப் பற்றி என்னால் அரை மணி நேரம் தடங்கலில்லாமல் பேச முடியும். புரிந்த விஷயம் என்றால் இரண்டே நிமிடத்தில் திணறிவிடுவேன். (நான் கணக்கு வாத்தியார். இரண்டாவதை என் மாணவர்கள் உறுதிசெய்வார்கள்.) இந்த அபூர்வத் திறமையை உலகத்துக்குக் காட்ட ஆசைப்பட்டுத்தான் அன்றைக்கு அப்படி மாட்டிக்கொண்டேன்.

அப்போது குரோம்பேட்டையில் ஒரு கல்லூரியில் வேலை. கல்யாணம் ஆகவில்லை. தாம்பரம் பக்கம் பல்கலைக்கழகத்தில் சனிக்கிழமைதோறும் ஒரு வாசிப்புக் குழு கூடும். பல துறைக்காரர்கள் சேர்ந்து உட்கார்ந்து பண்பாட்டுக் கோட்பாடு வாசிப்பார்கள். ஆங்கிலத் துறை வைதேகி மேடம்தான் நடத்தினார். பொருளாதாரத்துக்கு நூர்ஜஹான், சமூகவியலுக்கு சுந்தர் என்ற ஆய்வு மாணவர், கணிதத்துக்கு அடியேன் சாம். முதல் கூட்டத்திலேயே எனக்கு ஒரு வரிகூடப் புரியவில்லை. ஆனால் தலையாட்டினேன். மேடம் என்னைப் பார்த்துப் பேசினால் மெதுவாக, கண்ணைச் சுருக்கி, தாடியைத் தடவிக்கொண்டே ஆட்டுவேன். அந்தத் தாடியே அதற்காக வளர்த்ததுதான். ஒரு வருஷம் இப்படியே ஓடியது.

அப்போதுதான் டெல்லி வந்தது. குழுவிலிருந்து ஒருவர் அங்கே ஒரு கருத்தரங்கில் பேசப் போகலாம், விமான டிக்கெட் அவர்கள் செலவு, ஆளை மேடம் தேர்ந்தெடுப்பார் என்றார்கள். எங்கள் கல்லூரி மொட்டை மாடிக்கு மேலே நாள் முழுக்க விமானங்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு போகும். நான் அதுவரை பார்த்தது அந்த வயிற்றை மட்டும்தான். உள்ளே ஏறி உட்கார்ந்து, ஜன்னல் வழியாகக் கீழே எங்கள் கல்லூரியைப் பார்க்க வேண்டும் என்று அப்படி ஒரு வெறி எனக்கு.

அந்தச் சனிக்கிழமை வழக்கமான அறையில் ஏதோ தேர்வு. எங்கே கூடுவது என்று மேடம் யோசிக்கும்போதே நான் முந்திக்கொண்டேன்.

"செம்பாக்கத்துல எங்க வீட்ல வெச்சுக்கலாம் மேடம். இந்த வாரம் நானே பேசறேன்."

பேச வேண்டிய அத்தியாயம் வீடுகளைப் பற்றியது. சுவரில் மாட்டியிருக்கும் பொருள்களைப் பார்த்தே அந்த வீட்டு மனிதர்களைப் படித்துவிடலாம் என்பது சாரம். (இந்த ஒரு வரி எனக்குப் புரிந்தது. புரிந்ததுதான் வினை.) உடனே எங்கள் கூடத்தைப் பார்த்தேன். பைபிள் வசனம் அச்சடித்த காலண்டர், பிளாஸ்டிக் ரோஜா, கிறிஸ்துமஸ் நாடகத்தில் நான் மேய்ப்பனாக, தலையில் பூத்துண்டும் கையில் குடைக்கம்புமாக நிற்கும் போட்டோ. எல்லாவற்றையும் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.

அம்மா பார்த்துவிட்டார். "ஏன்டா, செவுத்தை இப்படி மொட்டை அடிச்சு வெச்சிருக்க?"

"படிச்சவங்க வர்றாங்கம்மா."

"அப்போ முப்பது வருஷம் டீச்சரா இருந்த நான் யாரு?" என்று கேட்டுவிட்டு வடைக்கு அரைக்கப் போய்விட்டார்.

மூன்று பேரும் தாம்பரத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தேன். நான் தொண்டையைக் கனைத்தேன். அதற்குள் அம்மா சமையலறையிலிருந்து வந்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, மேடத்துக்கும் சுந்தருக்கும் நடுவே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எங்கள் வீட்டில் நாலு பேர் வட்டமாக உட்கார்ந்தால் அது ஜெபக் கூட்டம்தான். அம்மாவுக்கு வேறு விதமாக வட்டத்தில் உட்காரத் தெரியாது.

"ஆரம்பிக்கலாமா? எல்லாரும் கண்ண மூடுங்க."

டீச்சர் குரல். மூடிவிட்டார்கள். நூர்ஜஹான் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு இரண்டு கைகளையும் ஏந்தினார். எனக்கு அவமானத்தில் காது கொதித்தது. சின்ன ஜெபம் முடிந்ததும் அம்மா, "இப்ப நீ பேசுப்பா," என்று எனக்கு அனுமதி கொடுத்தார்.

பேசினேன். வெளி, உடல், எதிர்ப்பு, இன்மை எல்லாவற்றையும் குலுக்கிப் போட்டு அரை மணி நேரம் பேசினேன். முடித்ததும் மேடம் கேட்டார்: "சாம், அந்தச் சுவர்ல ஒரு கட்டம் மட்டும் வெள்ளையா இருக்கே, அங்க என்ன இருந்தது?"

"அது... ஒரு இன்மை மேடம்."

"காலண்டர் மேடம்," என்றார் அம்மா. "கட்டிலுக்கு அடியில கிடக்கு. இருங்க, எடுத்துட்டு வரேன்."

காலண்டர் வந்தது. ரோஜா வந்தது. மேய்ப்பன் போட்டோ ஒவ்வொரு கையாக வட்டம் சுற்றியது. சுந்தர் அதை ரொம்ப நேரம் வைத்திருந்தார்.

பிறகு அம்மா, ஜெபக் கூட்டத்தில் வாரா வாரம் கேட்கிற மாதிரியே கேட்டார்: "சரி, யாருக்கு என்ன பாரம்? சொல்லுங்க, ஜெபத்துல வெச்சுக்கறேன்."

சுந்தர் போட்டோவைக் கீழே வைத்துவிட்டு, "ஆன்ட்டி, எனக்கு இது எதுவுமே புரியல," என்றார். "தீசிஸ் நகரவே மாட்டேங்குது."

"எனக்கும்தான் ஆன்ட்டி," என்றார் நூர்ஜஹான். "கடைசிப் பக்கத்தை மட்டும் படிச்சிட்டு வருவேன். அதுல ஒரு வரிய கேள்வியா மாத்திக் கேட்டுடுவேன்." (அந்தக் கேள்விகளுக்குத்தான் நான் ஒரு வருஷம் தலையாட்டியிருந்தேன்.)

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "பாதிக்கு மேல எனக்கே தடுமாற்றம்தான். உங்களுக்கெல்லாம் புரியுது, எனக்குத்தான் புரியலன்னு பயந்துட்டு இருந்தேன். அதுவும் சாம் தலையாட்டறதைப் பார்த்தா அவசரமா அடுத்த பக்கத்துக்குப் போயிடுவேன்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். உண்மையைச் சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் அந்த நேரம் பார்த்துக் கண்ணுக்குள் விமானம் பறந்தது.

"எனக்குப் புரிஞ்சுது மேடம்," என்றேன்.

"அப்போ ரெண்டே வரியில சொல்லு," என்றார் அம்மா.

"அதாவது..." என்றேன். சமையலறையில் குக்கர் கூவியது. "அதாவது..." என்றேன் மறுபடியும். மூன்றாவது "அதாவது"க்கு அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

"ஜெபிப்போம். ஆண்டவரே, இந்தப் பிள்ளை சுந்தரோட தீசிஸை நகர்த்தும். நூர்ஜஹானுக்கு முதல் பக்கத்துலேர்ந்து படிக்கப் பொறுமை கொடும். மேடத்தோட பயத்தை எடுத்துப் போடும். என் மகன் அரை மணி நேரமா என்ன சொன்னான்னு உமக்காவது தெரிஞ்சிருக்கும். ஆமென்."

நூர்ஜஹானின் "ஆமீன்"தான் எல்லாவற்றையும்விடச் சத்தமாகக் கேட்டது.

டெல்லிக்கு சுந்தர் போனார். எங்கள் கூடத்துச் சுவரின் வெள்ளைக் கட்டத்தைப் பற்றிப் பேசினாராம். நல்ல கைதட்டலாம். விமானத்தின் ஜன்னலிலிருந்து எங்கள் கல்லூரி மாதிரி எதையோ போட்டோ எடுத்து அனுப்பினார். வயிறு எரிந்தது, மறைப்பானேன்?

வாசிப்புக் குழு இன்றும் எங்கள் வீட்டில்தான் கூடுகிறது. எந்தப் பக்கத்தில் மாட்டிக்கொண்டோம் என்று ஒவ்வொருவரும் முதலில் அம்மாவிடம் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் வாசிப்பு. உண்மையில் இப்போது எல்லோருக்கும் கொஞ்சம் புரிகிறது, எனக்கும்கூட. என் பொறுப்பு நாற்காலியும் வடையும்.

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில், ஜிஎஸ்டி ரோட்டில் நெரிசல் ஏன் தீராது என்று மாமனாருக்கு விளக்க ஆரம்பித்தேன். "அதாவது..." என்றேன். என் ஐந்து வயது மகள் ஸ்பூனைக் கீழே வைத்தாள். கை இரண்டையும் கூப்பினாள். கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.