நம்ம வண்டி, நம்ம கை

சாதிக் பாட்சா ஸ்கூட்டரின் பிரேக்குக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். மனைவி ரமீஜா போனைப் பிடித்துப் படமெடுத்தாள்.

“பிரேக் கீச்சுன்னு கத்துதா? மெக்கானிக்கிட்ட ஓட வேண்டாம். ரெண்டு சொட்டு எண்ணெய் போதும்” என்றார் போனைப் பார்த்து.

ரெண்டு சொட்டுக்குப் பதில் முன்னும் பின்னுமாக அரை டம்ளர் விட்டார். கை தாராளமான மனுசர். ராஜபாளையத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். பெட்ரோல் போட்டால் வண்டி ஓடும் என்பது வரை அவருக்குத் தெரியும். மிச்சத்தைச் சொல்லிக்கொடுக்கத்தான் ‘நம்ம வண்டி நம்ம கை’ என்று யூடியூபில் சேனல் தொடங்கியிருந்தார். இந்த வயது வரை அவர் பேச்சை யாரும் நின்று கேட்டதில்லை. கடைக்கு வருபவர்கள்கூட விலை குறையும்வரைதான் கேட்டார்கள்.

சத்தம் நின்றுவிட்டது. ரமீஜா வண்டியை எடுத்துப் பார்த்தாள். அது எதிர்வீட்டுக் காம்பவுண்டு சுவரில் போய் நின்றது.

“ஏங்க, முன்ன சத்தம் போட்டாலும் வண்டி நின்னுச்சு” என்றாள், முழங்கையைத் தடவியபடி. “இப்ப சத்தமும் இல்ல, பிரேக்கும் இல்ல.”

முன்விளக்கு உடைந்திருந்தது. அதை மாற்றுவது இரண்டாவது வீடியோ ஆனது. எல்லாம் மூடிய பிறகு மூன்று ஸ்க்ரூ மிச்சமிருந்தது. கம்பெனிக்காரன் பெரிய மனதோடு கூடுதலாகப் போட்டிருப்பான் என்று போனிடம் விளக்கினார். அன்றுமுதல் பிரேக்கைப் பிடித்தால் ஹாரன் அடித்தது. ஹாரனை அழுத்தினால் இண்டிகேட்டர் எரிந்தது. அதைச் சரிசெய்ய ஒயர்களை வெளியே இழுத்தார். மூன்றாவது வீடியோ முடிந்தபோது வண்டி மூச்சே விடவில்லை.

ஆனால் சேனல் ஓடியது. முதலில் ரமீஜாவும் அவள் தங்கையும் மட்டும் பார்த்தார்கள். பிறகு ஆயிரக்கணக்கில் பார்த்தார்கள். சாதிக் பாட்சா கடையில் குக்கரைக்கூட நிமிர்ந்து உட்கார்ந்து விற்கத் தொடங்கினார்.

ரமீஜாவோ, நைட்டி தைக்கத் தளவாய்புரத்திலிருந்து துணி எடுத்து வருபவள். இப்போது மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் நசுங்கினாள். ஒருநாள் வந்து நிதானமாகச் சொன்னாள்:

“ஞாயித்துக்கெழமைக்குள்ள வண்டி ஓடணும். இல்லன்னா சேனலை அழிச்சிருவேன். போனு என்னோடது.”

அவர் அசந்துபோனார். கேட்க ஆள் கிடைத்த பிறகு வாயை மூடச் சொன்னால் எப்படி? வேறு வழியில்லாமல் மெக்கானிக்கிடம் போக முடிவெடுத்தார். உள்ளூரில் முகம் தெரிந்துவிடும். அதனால் ஸ்கூட்டரை லோடு ஆட்டோவில் ஏற்றி, ஒயர்களைச் சாக்கில் கட்டி, ஹெல்மெட் மாட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போனார். வழியில் வேறெதையும் ரிப்பேர் பார்த்துவிடக் கூடாதென்று ரமீஜாவும் கூட வந்தாள்.

ஒர்க்‌ஷாப்காரன் தவசிமுத்து சாக்கைப் பிரித்துப் பார்த்தான். முகம் மலர்ந்தது.

“இந்த ஒயரை நான் பாத்திருக்கேன். சேனல் பாய்தானே? ஹெல்மெட்டைக் கழட்டுங்க, வேர்த்துக் கொட்டுது.”

காத்திருந்தவர்கள் எழுந்து அவருக்கு நாற்காலி கொடுத்தார்கள். சுவர் டிவியில் அவருடைய இரண்டாவது வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. பால்கோவா வந்தது. வண்டிக்குக் காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டு தவசிமுத்து வேலையை ஆரம்பித்தான். மாலைக்குள் வண்டி சமத்தாக ஓடியது, சமத்தாக நின்றது.

ரமீஜா டிவியையும் புருசனையும் மாறிமாறிப் பார்த்தாள். “இம்புட்டு மரியாதையா உங்களுக்கு?” என்றாள். குரல் கனிந்திருந்தது. “சரி, சேனல் இருக்கட்டுங்க.”

அந்தக் கனிவுதான் சாதிக் பாட்சாவைக் குத்தியது. தவசிமுத்துவைத் தனியே கூப்பிட்டார்.

“தம்பி, என் வண்டியையே உங்கிட்ட கொண்டாந்துட்டேன். இனி எந்த மூஞ்சியோட ஊருக்குச் சொல்லிக்குடுக்க? நிறுத்திரலாம்னு பாக்கேன்.”

தவசிமுத்து பதறிப்போய் அவர் கையைப் பிடித்தான்.

“எங்க வயித்துல அடிச்சிராதீங்க பாய். சுத்துப்பட்டு ஒர்க்‌ஷாப்பு அம்புட்டுலயும் ஒங்க வீடியோதான் ஓடுது, அதைப் பாத்த பொறவு ஒருத்தனும் வீட்ல ஸ்பேனரைத் தொடுறதில்ல!”