ஆட்டுக்கல் ஏற்றிய ட்ரெய்லர்

கல்யாணமான முதல் வருஷத்தில் ஆம்பளைகளுக்கு ஒரு வியாதி வரும். மனைவி எதைக் கேட்டாலும் "ப்பூ, இம்புட்டுத்தானா?" என்று வாய் தானாகச் சொல்லிவிடும். எனக்கு அது முற்றிப்போய்த்தான், பெண் கொடுத்த மாமனாரையும் மாமியாரையும் ஒரு புரட்டாசி சனிக்கிழமை திருவண்ணாமலை அடிவாரத்தில் தொலைத்தேன். (எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் திருவண்ணாமலை. மலைமேல் பெருமாள் இருக்கிற ஊர். கிரிவலக்காரர்கள் பதற வேண்டாம்.)

எண்பதுகளின் கடைசி. நான் ராஜபாளையத்தில் ஒரு பஞ்சாலையில் சூப்பர்வைசர். கோதை ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெண். கல்யாணமாகி நாலாம் மாதம், தலை துவட்டிக்கொண்டே ஒருநாள் சொன்னாள்: "நான் இதுவரைக்கும் கடலே பாத்ததில்லங்க."

"ப்பூ, இம்புட்டுத்தானா?"

காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம் கன்னியாகுமரிக் கடலில் கால் நனைக்கலாம். புத்தியுள்ளவன் அதைத்தான் செய்திருப்பான். ஆனால் அந்த வாரம்தான் நான் சலூனில் ஒரு பழைய வெளிநாட்டுப் பத்திரிகையைப் புரட்டித் தொலைத்திருந்தேன். அதில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம், ஒரு ஜீப், ஜீப்புக்குப் பின்னால் இரண்டு சக்கரத்தில் ஒரு குட்டி வீடு. உள்ளே கட்டில், அடுப்பு, ஜன்னலுக்குத் திரைச்சீலைகூட உண்டு. முடி வெட்டி முடிப்பதற்குள் நான் முடிவு கட்டிவிட்டேன்.

ஜீப் கிடைத்தது. வ. புதுப்பட்டியில் என் சித்தப்பா தோப்பில், மிலிட்டரி ஏலத்தில் எடுத்த ஒன்று பின்சீட்டில் அடைகாக்கும் கோழியோடு நின்றுகொண்டிருந்தது. கோழியை இறக்கிவிட்டு ஓட்டிவந்தேன். அதில் ஒரு கூடுதல் லீவர் இருந்தது. ஃபோர் வீல் டிரைவ்! போட்டால் நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். அதைப் பற்றி நான் பார்த்தவர்களிடமெல்லாம் பேசினேன். என் மாமியார் நேரடியாக என்னோடு பேச மாட்டார். மருமகன் முன்னால் கதவுக்குப் பின்னே நின்று மகளிடம்தான் பேசுவது வழக்கம். கதவு சொன்னது: "ஏட்டி கோதை, எல்லா ஜீப்புக்கும் நாலு வீலுதான? இவிய ஜீப்புல மட்டும் என்ன அதிசயமாம்?"

மாமனார் பட்டாளத்தில் வண்டி ஓட்டி ரிட்டயரான ஹவில்தார். மீசையைத் தடவிக்கொண்டே தீர்ப்புச் சொன்னார்: "வண்டிய நான் செக் பண்ணுவேன் மாப்ளே. பாசானா எம்பொண்ணு கடலுக்கு வருவா. ஃபெயிலானா அவ நம்மூரு திருமுக்குளத்தப் பாத்துக்கிடட்டும். அதுலயும் தண்ணிதான கெடக்கு?"

கோதையோ அதற்குள் தெரு முழுக்கச் சொல்லி முடித்திருந்தாள். கன்னியாகுமரிக்கென்று ஒரு நீலப் புடவை எடுத்துத் தனியாக மடித்து வைத்துவிட்டாள். இனி பாசாகியே தீர வேண்டும்.

ட்ரெய்லர் கட்ட வெல்டர் சுப்பையாவைப் பிடித்தேன். அவர் அதுவரை நெல் மூட்டை ஏற்றும் டிராக்டர் ட்ரெய்லர்தான் செய்தவர்.

"இதுல என்ன ஏத்தப் போறிய அண்ணாச்சி?"

"குடும்பம்."

"குடும்பம்னா எத்தன மூட்ட வெயிட்டு?"

மூன்று வாரத்தில் வீடு எழுந்தது. முன்பக்கம் மடக்குக் கட்டில், அதில் கழிவுப்பஞ்சு மெத்தை. பக்கவாட்டில் குழாய் வைத்த தண்ணீர் டிரம். பின்பக்கம் பலகையை இறக்கினால் சமையல் மேடை, அதன்மேல் மண்ணெண்ணெய் ஸ்டவ். கூரைக்குத் தார்ப்பாய். ஜன்னலுக்குத் திரையாகக் கோதையின் பழைய வாயில் புடவை. அந்தக் குட்டி வீட்டில் நான் பத்து தடவை ஏறி இறங்கி, ஏறும்போதெல்லாம் தலையில் இடித்துக்கொண்டு, ஒவ்வொரு இடிக்கும் சிரித்தேன். அப்படி ஒரு சந்தோஷம்!

அதைப் பார்க்க மாமியார் ராஜபாளையம் வந்தபோது கதவு மறுபடி பேசியது: "ஏட்டி, நாலு நாளைக்கு ஓட்டல் இட்லியத் தின்னுட்டு வயித்தப் புடிச்சிக்கிட்டுக் கெடக்கவா போற? நம்ம சீராக் குடுத்த ஆட்டுக்கல்லு சும்மாதான கெடக்கு. வண்டியில ஏத்தச் சொல்லு."

சீர் என்ற சொல் வந்துவிட்டால் மருமகன் வாயைத் திறக்கக் கூடாது. வேண்டாம் என்றால் பேரன் காதுகுத்து வரைக்கும் அது ஓடும். நாலு பேர் மூச்சுப்பிடித்துத் தூக்கி, ஆட்டுக்கல்லைச் சமையல் மேடைக்குப் பக்கத்தில் வைத்தோம். சுப்பையா தலையைச் சொறிந்தார்.

"பின்னால வெயிட்டு ஜாஸ்தியாவுது அண்ணாச்சி. முன்னால தூக்கிரும். கல்ல முன்னால தள்ளி வைங்க."

முன்னால் கட்டில். படுக்கையறையில் ஆட்டுக்கல்லா? என் ரசனையைப் பற்றிக் கோதை என்ன நினைப்பாள்? "பின்னாலயே போல்ட் போடுங்க" என்றேன். அவரும் போட்டார். ஜீப்பையும் ட்ரெய்லரையும் இணைக்கும் இரும்புப் பின்னைக் கொடுத்து, கூடவே விரல் நீளக் கிளிப் ஒன்றையும் தந்தார். "பின்னு மேல எந்திரிக்காம புடிக்கிறது இதுதான். மறந்துராதிய." மறப்பேனா? பத்திரமாக வீட்டு ஜன்னலில் வைத்தேன்.

புது வண்டி முதலில் பெருமாளைத்தான் பார்க்க வேண்டும் என்றார் மாமியார். மலையடிவாரத்தில் பூஜை, பாசானால் அங்கிருந்தே கன்னியாகுமரி என்று ஏற்பாடு. சனிக்கிழமை காலை ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேர்ந்தபோது அண்டா நிறையப் புளியோதரை, தூக்குச்சட்டியில் சுண்டல், ஒரு கட்டு தையல் இலை எல்லாம் தயாராக இருந்தன. நாலு நாள் தாங்குமாம். நான் காபி குடிக்கும் நேரத்தில், ட்ரெய்லரின் பக்கப் பலகையில் மாமியார் பெரிதாக ஒரு நாமமும் வரைந்துவிட்டார்.

மாமா பிரம்பால் டயர்களைத் தட்டினார். ஆயில் பார்த்தார். ஹாரன் அடித்தார். அவருக்கு இடுப்புப் பிடிப்பு, குனிய முடியாது.

"கொக்கி?"

"பக்கா மாமா!"

(இந்த இரண்டு வார்த்தைக்காக நான் இன்றுவரை பேச்சு வாங்குகிறேன்.)

ஓடும்போது உள்ளே எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டுமென்று மாமாவும் மாமியாரும் ட்ரெய்லரிலேயே ஏறினார்கள். மாமா முன்னால் கட்டிலில் நீட்டிப் படுத்தார். மாமியார் பின்னால் அண்டாவைப் பிடித்துக்கொண்டு, ஆட்டுக்கல்மேல் உட்கார்ந்தார். ஊர் தாண்டும்வரை எல்லாம் அம்சமாகப் போனது. அடிவாரம் நெருங்கியதும் ரோட்டில் ஒரே கூட்டம். நம்மிடம்தான் ஃபோர் வீல் இருக்கிறதே! தார் ரோட்டை விட்டு இறங்கி, கண்மாய்க்கரை மேட்டில் லீவரைப் போட்டு ஏற்றினேன். வண்டி முக்கி முக்கி ஏறியது. பிறகு சட்டென்று சிட்டாகப் பறந்தது.

"பாத்தியா கோதை! ஃபோர் வீலுன்னா சும்மாவா? பின்னால ட்ரெய்லர் இருக்குறதே தெரியல!"

கோதை திரும்பிப் பார்த்தாள். "இருந்தாத்தானங்க தெரியும்?"

நடந்தது இதுதான். தண்ணீர் குடிக்க மாமா கட்டிலை விட்டுப் பின்பக்கம் வந்திருக்கிறார். ஏற்கெனவே பின்னால் ஆட்டுக்கல், அண்டா, மாமியார். மாமாவும் சேர்ந்ததும் ட்ரெய்லரின் மூக்கு மேலே எழும்பி, கிளிப் இல்லாத இரும்புப் பின் துள்ளி விழுந்துவிட்டது. வீடு பையப் பைய மேட்டில் பின்னோக்கி இறங்கி, மணலில் அழுந்தி, ஒரு புளியமர நிழலில் வால் தரையில், மூக்கு ஆகாயத்தில் என்று நின்றது. பின்பலகை மட்டும் படாரென்று திறந்துகொண்டது.

நாங்கள் ஓட்டமாக ஓடிவந்து பார்த்தால், அங்கே வரிசை! நாமம் போட்ட வண்டி, அதன் வாயில் புளியோதரை அண்டா, அண்டாவுக்குப் பின்னால் ஒரு அம்மாள். புரட்டாசி சனிக்கிழமை மலையடிவாரத்தில் இதைப் பார்த்தால் யாருக்குத்தான் சந்தேகம் வரும்? யாரோ ஒருவர் "கோவிந்தா!" என்று கையை நீட்டியிருக்கிறார். பெருமாள் பேரைச் சொல்லி நீட்டிய கைக்கு இல்லை என்று சொல்ல மாமியாருக்கு வாய் வரவில்லை. முதல் இலையை வைத்தார், அவ்வளவுதான்.

நான் முன்னால் முண்டினேன். "யோவ், கடைசியில போய் நில்லும்!" என்று ஒருவர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். மாமா பிரம்போடு வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார்: "சிங்கிள் லைன்! ரெண்டாந் தடவ வராத!" ஒரு அம்மா கும்பிட்டுக் கேட்டாள்: "யாரு உபயம் அய்யா?"

மாமா பல்லைக் கடித்தார். "எம் மருமவன் உபயம்."

அப்போதுதான் மாமியார் வாழ்க்கையில் முதன்முறையாக என்னைப் பார்த்தே பேசினார்: "மாப்ளே! வேடிக்க பாக்காம இலையப் பிரிச்சுக் குடுங்க!"

நாலு நாள் சாப்பாடு கொஞ்ச நேரத்தில் தீர்ந்தது. கடைசி ஆள் கை கழுவிப் போனதும், மாமா இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தே விட்டார்.

"கிளிப்பு எங்க?"

"ஜன்னல்ல இருக்கு மாமா."

"எந்த ஜன்னல்ல?"

"ராஜபாளையத்து வீட்டு ஜன்னல்ல."

"ஏலே!" என்றார். நாலு மாத மாப்பிள்ளை மரியாதை அந்த ஒரு சொல்லில் காலி. "ஃபெயிலு. கோதை, நீ வீட்டுக்கு வா."

கோதை நீலப் புடவைத் தலைப்பில் ஒட்டியிருந்த புளியோதரைப் பருக்கையைத் தட்டினாள். கண்ணில் தண்ணீர் முட்டி நின்றது. அவள் கேட்டது கடல். நான் கட்டியது என் பெருமை.

"தப்பு முழுக்க எம்மேல மாமா. ட்ரெய்லரும் வேணாம், ஒண்ணும் வேணாம். அவள பஸ்லயாவது கூட்டிட்டுப் போயிட்டு வாரேன்."

"ஒன்ன நம்பி பஸ்ல விடவா? பஸ்ஸக் கழட்டிருவ நீ." கையை நீட்டினார். "சாவியக் குடு. நான் ஓட்டுதேன். எல்லாரும் ஏறுங்க."

ட்ரெய்லரை ஒரு பூக்கடைக்காரர் பொறுப்பில் விட்டுவிட்டு, நாலு பேரும் ஜீப்பில் கிளம்பினோம். பின்சீட்டில் எனக்கும் கோதைக்கும் நடுவே காலி அண்டா. வெயில் தாழ்வதற்குள் கன்னியாகுமரி. கடலைப் பார்த்ததும் கோதை "அய்யோ!" என்று கத்திக்கொண்டு ஓடினாள். இரண்டு அலைதான். பிறகு அப்படியே நின்று தன் அம்மாவைப் பார்த்தாள்.

மாமியார் கரையில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். "ஆத்தி, இம்புட்டா!"

அவரும் கடல் பார்த்ததில்லை. மாமா இந்தியா முழுக்க வண்டி ஓட்டிய காலமெல்லாம் அவர் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இருந்திருக்கிறார். மாமா அதிர்ந்து போனார். பேன்ட்டை முழங்கால்வரை மடித்துவிட்டு, "வா, நான் புடிச்சுக்கிடுதேன்" என்று அவர் கையைப் பிடித்து இறக்கினார். அலை வரும்போதெல்லாம் மாமியார் அலறினார், மாமா சிரித்தார். அந்த மனிதர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. இருவரும் மேலே வருவதாகவே தெரியவில்லை. கோதையும் நானும் அவர்கள் கழற்றிப்போட்ட செருப்புக்குப் பக்கத்தில் மணலில் உட்கார்ந்து அழுதுகொண்டே சிரித்தோம்.

எங்கள் மகளுக்கு இப்போது கல்யாணமாகிவிட்டது. நீங்க ஹனிமூன் போனீங்களா என்று அவள் எப்போது கேட்டாலும் கோதையின் பதில் ஒன்றுதான்: "ஹனிமூனா? போனாகளே, எங்க அப்பாவும் அம்மாவும். செருப்பப் பாத்துக்கிட ஆளு வேணும்னு எங்களையும் கூட்டிட்டுப் போனாக."