பெரியாற்றில் ஜீப் கழுவிய படலம்

போனவர்கள் நான், அம்மா, அக்கா, மச்சான். வராதவர் அப்பா; அவருக்குத் தேயிலை ஃபாக்டரியில் ஷிப்ட். ஆனால் வந்தவர்களைவிட வராதவர்தான் இந்தக் கதையைக் கண்ணால் பார்த்தவர்போல் எஸ்டேட் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறார். அவர் கதையில் குற்றவாளி நான். இது அநியாயம்.

எங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரி ஏறியவன் நான், அதுவும் வரலாறு. படித்ததைக் காட்டியே தீருவதென்று சின்னக்கானலிலிருந்து எல்லோரையும் மச்சானின் ஜீப்பில் ஏற்றி சேந்தமங்கலம் கூட்டிப்போனேன். கடலுக்குப் பக்கத்தில், பெரியாற்றங்கரைக் கிராமம். பழைய அரண்மனை, யூதர்களின் தொழுகைக்கூடம், கைத்தறி. சாயங்காலம் செறாய் கடற்கரை. அம்மா கடலே பார்த்ததில்லை.

அந்த ஜீப்தான் அக்கா வீட்டுச் சோறு. மறுநாள் காலையில் கொழுக்குமலைக்கு டூரிஸ்ட் ட்ரிப் வேறு. வண்டியெல்லாம் சேறு. எங்கள் மலையில் ஜீப் கழுவுவதென்றால், முன்சக்கரத்தை ஓடைக்குள் இறக்கி நிறுத்திவிட்டு, சேறு ஊறட்டும் என்று டீ குடிக்கப் போய்விடுவோம். அதையே இங்கும் செய்யச் சொன்னேன்.

கரையில் வலை காயவைத்துக்கொண்டிருந்த சேட்டன், "வண்டி அவிட இடண்ட மோனே, வெள்ளம் கேறும்" என்றார். தண்ணீர் ஏறுமாம்!

"சேட்டா, இந்த ஆறே எங்க ஊர்லருந்துதான் வருது. மேல மழையே இல்ல" என்றேன். (எங்கள் ஓடை பெரியாற்றில்தானே கலக்கிறது? சொன்னதில் என்ன பிழை?)

அவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு வலைக்குத் திரும்பினார். இன்னொரு தடவை சொன்னால் குறைந்தா போய்விடுவார்?

அரண்மனையில் மிளகு வியாபாரம் பற்றி மூச்சுவிடாமல் பேசினேன். சாப்பிட்டுவிட்டுத் திரும்பினால், முன்சக்கரம் சேற்றில் புதைந்து பானெட்டைத் தண்ணீர் தொட்டுக்கொண்டிருந்தது. அதுவும் ஆறு கடல் பக்கத்திலிருந்து மலையைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது! ஆறு மலையில் பிறந்து கடலில் சேரும் என்று எழுதி நான் வாங்கிய மார்க்கையெல்லாம் யாரிடம் திருப்பிக் கொடுப்பது? கடலில் ஓதம் ஏறினால் ஆறும் திரும்பிப் பின்பக்கம் ஓடும் என்று எந்த வாத்தியாராவது சொன்னாரா? அங்கே ஒரு போர்டாவது உண்டா?

"ஸ்டார்ட் பண்ணுங்க மச்சான்!" என்று கத்தினேன். பண்ணினார். என்ஜின் ஒரு வாய் தண்ணீர் குடித்து, இருமி, அடங்கியது.

"நாளைக்கு ட்ரிப்ப எதுல ஓட்டுவீக? இவந் தலையிலயா?" அக்கா மச்சானைப் பிடித்துக்கொண்டாள்.

"படிச்ச பய சொல்றானேன்னு எறக்குனேன் பாரு!" இடுப்பளவு தண்ணீரில் நின்று மச்சான் தலையில் அடித்துக்கொண்டார். (ஸ்டியரிங் யார் கையில் இருந்தது? அதை மட்டும் கேட்கக் கூடாதாம்.)

அம்மா ஒரு கை அள்ளி நாக்கில் வைத்தாள். "உப்புக் கரிக்குதுடா. கடலு நம்மளப் பாக்க வந்துருக்கு."

கொழுக்குமலை ட்ரிப் வேறொரு ஜீப்புக்குப் போனது. இன்றும் நான் வீட்டில் எதையாவது அடித்துச் சொன்னால், "எதுக்கும் அந்தச் சேட்டங்கிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிருவமா மாப்ள?" என்பார் மச்சான். அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைப்பாள்.

கயிறு கட்டி இழுத்தது, லாரியில் மலையேற்றியது, என்ஜினைப் பிரித்தது, எல்லாம் என் தலையில்: முப்பத்தெட்டாயிரத்து நானூறு ரூபாய். அதில் அந்த நானூறு, ஒர்க்‌ஷாப்பில் வண்டியை நல்ல தண்ணீரில் கழுவியதற்கு.